எண்ணெய் பூசியும் வாளில் கறள் (துரு) வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வோம்

விஜயதசமியன்று பின்னேரம் கோயிலில் வாளால் வாழையை வெட்டும் மானம்பூச் சடங்கு முடியும். வாழையை வெட்டிய வாளை ஒருவர் துணியால் ஒரு இழுப்பு இழுத்து, நெற்றிக்குப் பொட்டு வைப்பதுபோல அலகிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, சிவப்பு வெல்வெட் உறையில் செருகி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். இரண்டு மூன்று கிழமைக்குள் ஐப்பசி மழை பிடித்துவிடும். தை பிறந்த பிறகு யாராவது அலுமாரியைத் திறந்து வாளை இழுத்தால் அது பாதி வழியில் நிற்கும். வெளியே வந்த பாதியும் செங்கல் நிறமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரம் எங்கள் ஊர்க் கோயில் வாள் இப்படித்தான் கிடந்தது. அதைப் பராமரிக்கும் வேலை பெரியப்பாவிடமிருந்து என் கைக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது சிலம்பம் பழகும் பிள்ளைகளின் வாள்களும், சில வீடுகளில் பரம்பரையாக இருக்கும் வாள்களும் என்னிடம் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "எண்ணெய் பூசித்தான் வைச்சனாங்கள்." அவர்கள் சொல்வது உண்மை. எண்ணெய் பூசித்தான் இருக்கிறார்கள். ஆனால் உப்புக்கு மேலே, வியர்வைக்கு மேலே, வாழைப் பாலுக்கு மேலே பூசியிருக்கிறார்கள். பெரியப்பா பேச்சுக்குப் பேச்சு சொல்லுவார்: "தம்பி, முதல்ல துடை. எண்ணெய் பிறகு." கீழே வருகிற அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த வரிசை மாறியதால் வந்தவைதான்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். வாளைத் துடைக்கும்போது துணியை முதுகுப் பக்கத்திலிருந்து மடித்துப் பிடித்து, பிடியிலிருந்து நுனியை நோக்கி மட்டும் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். திரும்பி வரும் இழுப்பில்தான் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கையைப் பிடிக்கும். என் இடது உள்ளங்கையில் இருக்கும் கோடு அப்படி வந்தது. மற்றது, வாளை வெளியே கொண்டுதிரிய வேண்டாம். வாள் என்றாலே வாள்வெட்டுக் கும்பல்தான் நினைவுக்கு வருகிற காலமாகிவிட்டது. கோயிலில் வைத்துப் பூசிக்கும் பொருளுக்கு இந்தப் பெயர் வந்தது எனக்குப் பெரிய வேதனை. முடிந்த வேலையெல்லாம் வாள் இருக்கும் இடத்திலேயே செய்யுங்கள். கம்மாலைக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்றால், கோயில் நிர்வாகத்தின் கடிதத்தோடு, சுற்றிக் கட்டி, பெரியவர் ஒருவர் கொண்டுபோகட்டும்.

அலகு முழுக்க மெல்லிய மண்ணிறத் தூள்

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது மேல்கறள். வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். துணி செம்மஞ்சளாக மாறி, கீழே இரும்பு மினுங்கினால் ஆரம்பக் கட்டம்தான். அதே துணியால், பக்கம் மாற்றி மாற்றி, தூள் வருவது நிற்கும்வரை துடைத்தால் போதும். அரத்தாள் வேண்டாம், இரும்பு உரசியும் வேண்டாம். பிடிவாதமான இடத்தில் எண்ணெயை ஒரு இரவு ஊறவிட்டு, காலமை பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள்.

துணியில் நிறமே வராமல், இரும்பில் சாம்பலும் கறுப்புமாக ஒரு நிழல் தங்கிவிட்டால் அது வேறு. அது அடங்கிப்போன படலம். அதற்குக் கீழே இரும்பு நிம்மதியாக இருக்கிறது. பளபளப்பு வேண்டும் என்று அதைச் சுரண்டி எடுத்தால் பச்சை இரும்பு வெளியே வரும். மறுநாளே செங்கறள் பிடிக்கும். பழைய வாள் கறுத்திருப்பது அழுக்கல்ல.

எண்ணெய் பூசியிருக்கிறது, ஆனாலும் ஒரு கிழமையில் கறள்

அதிகமாக என்னிடம் வரும் முறைப்பாடு இதுதான். ஆறுதலாகப் பார்ப்போம்.

இரும்பு கறள் கட்டக் காற்றும் ஈரமும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். யாழ்ப்பாணத்தில் எந்த மூலையில் நின்றாலும் கடலோ கடனீரேரியோ தூரத்தில் இல்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கரையோர வீட்டு யன்னல் கம்பியை நக்கிப் பார்த்தால் கரிக்கும். வாடை அடிக்கும்போது அதே உப்போடு மழை ஈரமும் சேர்ந்து வரும். மழைக்காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கசிந்து அடியில் தண்ணீர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். அதாவது வாளின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படை இருந்தால், வெயில் காலத்திலும் அந்த இடம் முழுதாகக் காயாது. அதன்மேல் எண்ணெயைப் பூசினால் உப்பு நீரை எண்ணெய்க்கு அடியில் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

சிலர் இதைப் புரிந்துகொண்டு வாளைக் கழுவுகிறார்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறார்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுவது அதனால்தான். கரையோரக் கிணறுகளில் உவர் வேறு. அந்தத் தண்ணீர் காய்ந்தால், கழுவியதைவிடக் கூடுதலான உப்பு அலகில் தங்கிவிடும். கழுவுவதானால் மழைத் தண்ணீரில் கழுவுங்கள். முதல் மழையில் கூரையிலிருந்து வழிவது வேண்டாம், இரண்டு மூன்று மழை பெய்து கூரை சுத்தமான பிறகு பிடித்ததை எடுங்கள். அது இல்லாத காலத்தில் பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள். விலை பெரிதில்லை, ஒரு போத்தல் மூன்று நான்கு வாள்களுக்குக் காணும்.

செய்யும் முறை இதுதான். வெயில் உள்ள காலமையில் தொடங்குங்கள். முதலில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பழைய எண்ணெயை முழுக்க எடுங்கள். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் (மழைத் தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்தது) ஒரு சொட்டுச் சவர்க்காரத் திரவம் கலந்து, நனைத்துப் பிழிந்த துணியால் அலகைத் துடையுங்கள். பிடிக்குள் தண்ணீர் இறங்காமல் நுனியைக் கீழே சரித்துப் பிடியுங்கள். வெறும் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் இன்னும் இரண்டு தரம். உடனே உலர்ந்த துவாயால் ஒற்றி எடுங்கள். கடைசியாக பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு இழுப்பு. அது மிச்ச ஈரத்தையும் கூட்டிக்கொண்டு பறந்துவிடும். வாளைக் கையால் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிற அளவுக்கு வெயிலில் ஐந்து நிமிடம் பிடியுங்கள். எண்ணெயின் முறை இப்போதுதான் வருகிறது.

எவ்வளவு எண்ணெய்? முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒன்றரை மடங்கு நீளமான அலகுக்கு ஐந்து ஆறு சொட்டு. பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த துண்டில் விட்டுப் பரப்பி, பிறகு உலர்ந்த துண்டால் லேசாக ஒரு தரம் இழுத்து விடுங்கள். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் மெல்லிய ஈர மினுக்கம் தெரிய வேண்டும். சொட்டோ வழிவோ தெரியக்கூடாது. வழிய வழியப் பூசினால் எண்ணெய் கீழே இறங்கி நுனியில் தேங்கும், மேல்பக்கம் வெறுமையாகிவிடும். தேங்கிய இடம் தூசியைப் பிடிக்கும், தூசி ஈரத்தைப் பிடிக்கும்.

ஜப்பானில் வாள்களைப் பேணுகிறவர்களின் முறையைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம்தான் வந்தது. அவர்கள் புது எண்ணெய் தொடுமுன் பழைய எண்ணெயை மெல்லிய கடதாசியால் முழுக்க வழித்து எடுத்து, சாணைக்கல்லை அரைத்த மென்தூளைத் தட்டி, அதையும் துடைத்த பிறகுதான் கிராம்பு மணக்கும் எண்ணெயை ஒரு படலமாகப் பூசுகிறார்கள். பழைய எண்ணெய்க்கு மேலே புது எண்ணெய் என்ற பேச்சே அங்கு இல்லை.

எந்த எண்ணெய்? பூசியது மஞ்சளாகி ஒட்டுகிறது, அல்லது மணக்கிறது

ஒட்டினால் அது பெரும்பாலும் நல்லெண்ணெய். நல்லெண்ணெய் காற்றுப் பட மெதுவாக இறுகும். ஒரு வருடம் அப்படியே விட்டால் அலகில் தேன் நிறத்தில் பிசின்போல் பிடித்துக்கொள்ளும். உறைக்குள் போன வாள் வெளியே வராததற்கு இது ஒரு பெரிய காரணம். தேங்காயெண்ணெய் அவ்வளவு இறுகாது, ஆனால் காறிப்போகும். காறும்போது அதில் உண்டாகும் அமிலம் இரும்புக்கு நல்லதல்ல. கோயில் விளக்கில் மிஞ்சிய எண்ணெயைப் பூசுவது பக்தியால் செய்வதென்று தெரியும். ஆனால் அதில் திரிக்கரியும் தண்ணீரும் கலந்திருக்கும். தயவுசெய்து வேண்டாம்.

நான் பாவிப்பது தையல் மெஷின் எண்ணெய். அது கிடைக்காவிட்டால் பார்மசியில் விற்கும் லிக்குவிட் பாரபின். இரண்டும் கனிய எண்ணெய். இறுகாது, காறாது. தாவர எண்ணெய்தான் வேண்டும் என்று கோயிலில் பிடிவாதமாகச் சொன்னால் விளக்கெண்ணெய் (ஆமணக்கெண்ணெய்) பூசுங்கள். அது தடிப்பு, ஆனால் இறுகுவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்து மாற்ற வேண்டும்.

கடையில் விற்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 1953இல் அட்லஸ் ஏவுகணையின் தோலில் ஈரம் தங்காமல் இருக்கச் செய்தது அது. நாற்பதாவது முயற்சியில் சரிவந்த கலவை என்பதால்தான் அந்தப் பெயர். நனைந்த வாளிலிருந்து தண்ணீரை விரட்ட அதைவிட வசதியான சாமான் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி பறந்துவிடும், மிஞ்சும் படலம் மிக மெலிது. அதை அடித்து வாளை ஆறு மாதம் பெட்டியில் வைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். தண்ணீரை எடுக்க அது, காவலுக்கு எண்ணெய்.

ஏற்கெனவே பிசின் கட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறிய துணியை அலகில் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மூங்கில் சீவல் ஒன்றால் தள்ளினால் பாலாடைபோல் சுருண்டு வரும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

நீண்ட காலம் திறக்காமல் வைக்கும் வாளுக்கு, உதாரணமாக வெளிநாட்டுக்குப் போய்விட்டவர்களின் வீட்டு வாளுக்கு, எண்ணெய்க்குப் பதில் வாஸ்லினை விரலுறை போட்டுக்கொண்டு மெல்லிதாகத் தடவி வைக்கலாம். பார்க்க அழகில்லை, ஆனால் வழியாது.

விரல் ரேகை வடிவத்திலேயே கறள்

யாரோ அலகைத் தொட்டிருக்கிறார்கள். வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. கையில் அதிகம் வியர்க்கிறவர் தொட்டால் மறுநாளே கோடு தெரியும். சிலம்ப வகுப்பில் பிள்ளைகள் வாளைக் கையில் வாங்கினால் முதலில் செய்வது அலகைத் தடவிப் பார்ப்பதுதான். தடுக்க முடியாது, பிள்ளைகள்தானே. வகுப்பு முடிந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. எண்ணெய்த் துணியை ஒரு மூடியுள்ள யோகட் டப்பாவில் வைத்துக்கொண்டால் வேலை ஒரு நிமிடம்தான்.

வாழை வெட்டிய இடத்தில் கறுப்பு, ஊதா, நீலக் கறை

இது எங்கள் ஊருக்கே உரிய வருத்தம், அதனால் கொஞ்சம் விரிவாக.

வாழைத்தண்டை வெட்டியதும் வடிகிற பால் பார்க்கத் தண்ணீர்போல் இருக்கும். வேட்டியில் பட்டால் சில மணி நேரத்தில் கபிலமாகி, எவ்வளவு தோய்த்தாலும் போகாது. இரும்பில் பட்டால் வேறு கூத்து. வாழைப் பாலில் துவர்ப்பு இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து முன்னோர் கறுப்பு மையும் சாயமும் செய்தார்களே, அதே வித்தைதான் உங்கள் வாளில் நடக்கிறது.

கறுப்பு மட்டும் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். துவர்ப்பால் வந்த கறுப்புப் படலம் இரும்பைத் தின்னாது. ஆனால் வாழைத்தண்டின் சாற்றில் பொட்டாசிய உப்புகளும் நிறைய உண்டு. துடைக்காமல் காயவிட்டால் நாரோடு சேர்ந்து மெல்லிய தோலாகப் படியும். மழை ஈரம் வந்ததும் அந்தத் தோல் ஊறி, அடியில் குழி பறிக்கத் தொடங்கும். ஒருமுறை எங்கள் வாளில் அப்படிப் படிந்த தோல் ஒன்றை நகத்தால் கிளப்பினேன். மேலே கறுப்பாக, அமைதியாக இருந்தது. அடியில் செம்மஞ்சள் ஈரம், அதற்கும் அடியில் குண்டூசி முனை அளவில் ஏழெட்டுக் குழிகள். வாளை உள்ளே வைத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆகவே வெட்டு முடிந்த உடனேயே, சுவாமி இருப்பிடத்துக்குத் திரும்புமுன், ஒருவர் ஈரத்துணியோடு நிற்க வேண்டும். எங்கள் கோயிலில் இப்போது அதற்கென்றே ஒரு தம்பியை நியமித்திருக்கிறோம். பச்சையாக இருக்கும்போது வாழைப் பால் வெறும் தண்ணீருக்கே போய்விடும். காய்ந்த பிறகுதான் பிடிவாதம். வெட்டுக்கு முன்பே அலகில் வழக்கமான எண்ணெய்ப் படலம் இருந்தால் பால் அவ்வளவு ஒட்டாது. அன்றிரவே, வெயிலில் பிடிப்பதைத் தவிர, மேலே சொன்ன முழுச் சுத்தமும் செய்து எண்ணெய் பூசுங்கள். மூன்றாம் நாள் திறந்து பாருங்கள். எங்காவது தவறவிட்டிருந்தால் அன்று காட்டிக்கொடுக்கும்.

கறை ஏற்கெனவே பிடித்துவிட்டதென்றால், தோல்போல் மேலெழும்பி நிற்பதை எண்ணெயில் ஊறவைத்துக் கிளப்பி எடுங்கள். இரும்போடு சேர்ந்துவிட்ட கறுப்பை அப்படியே விடுங்கள். அடுத்த வருடமும் அந்த வாள் வாழை வெட்டத்தானே போகிறது. தேசிக்காயும் பழப்புளியும் போட்டுத் தேய்த்தால் கறுப்புப் போகும், நான் மறுக்கவில்லை. குத்துவிளக்குக்கு அது சரி, ஏனென்றால் விளக்கு பித்தளை. இரும்பில் அந்தப் புளிப்பு கறையோடு சேர்த்து இரும்பையும் கரைக்கும். எவ்வளவு கழுவினாலும் நுண்ணிய துளைகளில் மிச்சம் இருந்து மறுநாள் புதுக் கறளை வரவழைக்கும்.

பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகக் கறள், அல்லது நுனி மட்டும் அரித்திருக்கிறது

சந்தனம் தண்ணீரில் குழைத்தது. குங்குமம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கிழமை அலகில் இருந்தால் பொட்டின் அளவுக்கே கறள் வட்டம் விழும். நுனி அரிப்புக்குக் காரணம் தேசிக்காய். சூலத்திலும் வாளிலும் தேசிக்காய் குத்துவது வழக்கம். அடுத்த திருவிழா வரை அது அப்படியே காய்ந்து கறுத்துக் கிடப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த நாட்கள் முழுவதும் நுனி புளிப்பில் ஊறுகிறது. எங்கள் வாளின் நுனி ஒரு நெல்மணி அளவுக்குக் குறைந்திருக்கிறது. போனது போனதுதான்.

சடங்கைக் குறைக்கச் சொல்லவில்லை. குருக்களிடம் பணிவாகக் கேட்டேன், அவரும் மனமொத்துச் சம்மதித்தார். பொட்டு இப்போது பிடியில், பித்தளைப் பகுதியில் வைக்கிறோம். தேசிக்காய் குத்துவது குத்துவதுதான், ஆனால் அன்றிரவு நடை சாத்துமுன் கழற்றி, நுனியை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து எண்ணெய் தொட்டு விடுகிறோம். உங்கள் கோயிலிலும் கேட்டுப் பாருங்கள். காரணத்தைச் சொன்னால் மறுக்கிறவர்கள் குறைவு.

உறையிலிருந்து வாள் வரவில்லை

இழுக்காதீர்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறும். பழைய மர உறைகள் இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தவை. உள்ளே வாய்ப்பக்கம் ஏற்கெனவே மரத்தை அறுத்திருக்கக்கூடும். உறையை இறுகப் பிடித்து இழுத்தால் அந்தப் பொருத்தின் ஊடாக வாள் உங்கள் விரலுக்கு வந்துவிடும். உறையை எப்போதும் முதுகுப் பக்கத்தால் மட்டும் பிடியுங்கள், வாய்ப்பக்கப் பொருத்தைச் சுற்றி விரல் போகக்கூடாது.

உறையின் வாயை மேலே வைத்து நிறுத்தி, அலகின் இரு பக்கமும் மெஷின் எண்ணெய் பத்துச் சொட்டு விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் நேராக, முறுக்காமல், சிறு சிறு அசைவாக. வரவில்லையென்றால் இன்னொரு இரவு. நான்கு நாள் பொறுத்து எடுத்த வாளும் உண்டு.

வெளியே வந்த பிறகு அதைத் திரும்ப உறைக்குள் வைக்க வேண்டாம். உறை என்பது அலங்காரத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரியது. தோல் உறையில் பதனிட்ட உப்பும் அமிலமும் இருக்கும், வெல்வெட்டும் உள்மரமும் ஈரத்தைப் பஞ்சுபோல் குடித்து வைத்திருக்கும். உறையை வேறாக வையுங்கள், வாளை உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி வேறாக வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைப்பது இன்னும் மோசம். உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அலகிலேயே வியர்க்கும்.

சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள். மாரியில் சுண்ணாம்புச் சுவர் கசிவதைக் கையால் தொட்டாலே தெரியும். முன்பு அடுப்படிப் பரணில் கத்தியும் வாளும் செருகி வைப்பார்கள். விறகடுப்பின் சூட்டில் அந்த இடம் எப்போதும் காய்ந்திருக்கும், புகைப்பிசுக்கும் மேலே படிந்து காவலாகும். அதைக் கண்டு இப்போதும் குசினியில் வைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: காஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. விறகடுப்புக் குசினியும் காஸ் குசினியும் வாளுக்கு ஒன்றல்ல. அலுமாரியின் மேல்தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வைப்பது நல்லது.

ஸ்டெயின்லெஸ் வாளிலும் புள்ளி

வரும். துருப்பிடிக்காத உருக்கு என்பது குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தது. அதன் காவல் படலத்தை உடைக்கக் கூடியது குளோரைட்டு, அதாவது எங்கள் காற்றில் நிறைய இருப்பதுதான். துடைப்பும் எண்ணெயும் அதற்கும் வேண்டும். துடைக்கும் நாட்களின் இடைவெளியை மட்டும் கூட்டலாம்.

செதில் செதிலாக உதிர்கிறது, குழி விழுந்திருக்கிறது

இந்த இடத்தில் உங்கள் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். பரம்பரை வாள் என்றால் மெஷின் சாணை, கம்பி பிரஷ், வினாகிரி, சோடா, எதுவும் வேண்டாம். குழியை மறைக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள நல்ல இரும்பையெல்லாம் குழியின் ஆழத்துக்குத் தேய்க்க வேண்டும். வாள் மெலிந்துபோகும், வாளில் வெட்டியிருந்த வேலைப்பாடும் முத்திரையும் போய்விடும். இன்னொரு பயமும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கிய உருக்கு ஒரு காலத்தில் உலகமெல்லாம் போனது. அப்படிப்பட்ட உருக்கில் செய்த சில வாள்களின் மேற்பரப்பில் நீரோட்டம்போல் மெல்லிய கோலம் இருக்கும். கறளுக்குக் கீழே அது இருக்கிறதா என்று தெரியாமல் சாணை பிடித்துவிட்டால் அழிந்துவிடும்.

செய்யக்கூடியது: எண்ணெயில் ஊறவைத்து, தானாக வரும் செதிலை மூங்கில் சீவலால் எடுப்பது. குழிக்குள் இருக்கும் செந்தூளைப் பல்குத்தியால் கிளறுவது. பிறகு கழுவி, ஸ்பிரிட்டால் உலர்த்தி, எண்ணெய் பூசி, ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பார்ப்பது. குழியில் புதிதாகச் செம்மஞ்சள் துளிர்த்தால் உள்ளே இன்னும் உப்பு இருக்கிறது. திரும்பவும் கழுவல். எங்கள் வாளுக்கு ஆறு தரம் தேவைப்பட்டது. லொறி வில்லுத் தகட்டில் அடித்த சிலம்ப வாள் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். நுண்ணிய அரத்தாளில் எண்ணெய் விட்டு, நீளவாக்கில் மட்டும் தேய்த்து எடுக்கலாம்.

பிடிக்கும் அலகுக்கும் இடையில் கபில நீர் கசிகிறது, பிடி ஆடுகிறது

இதைச் சிறிதென்று விடக்கூடாது. அலகு எவ்வளவு மினுங்கினாலும், பிடிக்குள் இருக்கும் வால்பகுதி கறளில் கரைந்திருந்தால் வீசும்போது அலகு கழன்று போகும். முன்னால் நிற்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பிடி ஆடுகிற வாளை அன்றே பாவனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காரணம் பெரும்பாலும் கழுவிய தண்ணீர் உள்ளே இறங்கியது. பிடி பித்தளையாகவும் அலகு இரும்பாகவும் இருந்தால், இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்ததும் இரும்புதான் முதலில் பலியாகும். இரண்டு உலோகம் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் அப்படித்தான். அந்த விளிம்பில் மாதம் ஒரு சொட்டு எண்ணெயைத் தலைகீழாகப் பிடித்து விட்டுத் துடைப்பது நல்ல பழக்கம். பித்தளையை மினுக்குகிற பாலிஷ் அலகில் வழியாமல் முதலில் விளிம்பைச் சுற்றித் துணி கட்டுங்கள்.

பழைய வாள்களில் வால்பகுதியைப் பிடிக்குள் அரக்கு ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூட்டில் அரக்கு இளகும். அதனால்தான் வெயிலில் ஐந்து நிமிடம் என்றேன், அரை நாள் என்று சொல்லவில்லை. கொதிநீரில் முக்கிக் கறள் எடுக்க நினைப்பவர்களும் இதைக் கவனியுங்கள்.

எங்கள் வாளின் பிடி ஆடத் தொடங்கியபோது, நிர்வாகத்திடம் சொல்லி, கம்மாலையில் ஒரு முதியவரைக் கோயிலுக்கே அழைத்து வந்தோம். அவர் பிடியைத் தணலில் பிடிக்கவில்லை. ஒரு துணியைச் சுடுநீரில் பிழிந்து பித்தளையைச் சுற்றி, ஆற ஆற மாற்றிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அரக்கு இளகி, அலகு ஒரு சிறு சத்தத்தோடு கழன்றது. வால்பகுதி பாதித் தடிப்புக்குக் கரைந்திருந்தது. மிஞ்சியது போதும், வாழை வெட்டலாம், ஆனால் யாரும் விளையாட்டுக்கு வீசக்கூடாது என்றார். கறளைச் சுரண்டித் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, புது அரக்கு ஊற்றிப் பூட்டினார். போகும்போது பிடியின் விளிம்பைச் சுற்றி உருக்கிய தேன்மெழுகால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார், தண்ணீர் இறங்காமல் இருக்க. அந்தக் கோட்டை ஒவ்வொரு புரட்டாதியிலும், நவராத்திரி தொடங்குமுன், நான் புதுப்பித்து வருகிறேன்.